யோக்கியதாம்சம் என்பது என்ன?



எஞ்சினீயரிங்கிலும் கம்ப்யூட்டர் சாஸ்திரத்திலும் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குச் சேர என்ன யோக்கியதாம்சம் வேண்டும் என்பதே இன்று நான் பேச வந்த விஷயம். இது நமக்கு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நீங்கள் அப்படியே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் சிலருடைய ஆசையும்!

இந்தத் தியாகராய நகருக்குச் சில மைலுக்குள், சர்தார் பட்டேல் ரோட்டிலே இரண்டு ஸ்தாபனங்கள் இருக்கின்றன. ஒன்று, 1794-ல் சர்வே பள்ளிக்கூடமாய்த் தொடங்கி, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்திருக்கும் கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரி. மற்றொன்று, மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் ஏற்பட்ட ஐ.ஐ.டி. இரண்டும் உங்கள் வரிப்பணத்தில் நடப்பவையே.

பல்கலைக்கழகங்களுக்கு யூ.ஜி.சி. 2022-ல் செய்த விதிப்படி, முதுகலைப் பட்டத்தில் 100-க்கு 55 மார்க்கு, அல்லது நான்கு வருஷப் பட்டத்தில் 75 மார்க்கு வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்கும், வசதி படைத்தவர் நீங்கலாகப் பிற்பட்டோருக்கும் இதில் 5 தளர்த்தலாம். ஐ.ஐ.டி.க்கு எம்.டெக். தேறியவரும், நல்ல புள்ளியோடு பி.டெக். தேறியவரும் மனுப்போடலாம். பி.டெக்.காரர் பெரும்பாலும் கேட் பரீட்சை மார்க்கு காட்ட வேண்டும். அது 3 மணி நேரப் பரீட்சை. அதற்கு வயது வரம்பு கிடையாது. மார்க்கு 3 வருஷம் செல்லும். இதில் எங்கேயாவது கோத்திரம் கேட்டிருக்கிறதா? பாட்டன் படித்தவனா என்று கேட்டிருக்கிறதா? இல்லையே! பின் நம் பிள்ளைகள் ஏன் பயப்படுகிறார்கள்?

இந்த விவரமெல்லாம் மயிலாப்பூர் வீடுகளில் சாப்பாட்டோடு சாப்பாடாய்ப் பரிமாறப்படுகிறது. நம் கிராமத்துப் பிள்ளைக்கோ பட்டம் வாங்கிய பிறகும் சொல்ல ஆளில்லை. தெரியாதவனைத் தகுதியில்லாதவன் என்று சொல்லிவிடுகிறார்கள். இது மோசடியா அல்லவா?

நிற்க, பரீட்சையோடு தீர்ந்துவிடவில்லை. குறைந்த அளவு மார்க்கு ஒன்று. நேர்முகத்துக்குக் கூப்பிட இலாகா வைக்கும் எல்லை அதற்கு மேல் ஒன்றாக இருக்கலாம். பல்கலைக்கழகமே பரீட்சை வைத்தால், பரீட்சைக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்பது விதி. நேர்முகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்கு வருபவனுக்குக் கேள்வி கேட்கத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால், "தகுந்தவர் கிடைக்கவில்லை" என்று எழுதி ஓர் இடத்தைக் காலியாக விட்டால், எந்தக் கோலால் அளந்தீர்கள் என்று கேட்க நமக்குப் பாத்தியமுண்டு. 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் அதற்காகவே இருக்கிறது. ஐ.ஐ.டி. போன்ற மத்திய ஸ்தாபனத்தைக் கேட்க 10 ரூபாய் போதும்.

தகுதி கெட்டுவிடும் என்ற கூச்சலும் புதிதல்ல. கல்லூரி இடங்களைப் பதினான்கு பங்காக்கி எல்லா வகுப்பாருக்கும் பிரித்துக்கொடுத்த உத்தரவை, 1951-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிற்று. அந்த வழக்கில் ஒன்று எஞ்சினீயரிங் கல்லூரி இடத்துக்காக வந்ததேயாகும். அதே வருஷம் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. அப்படியிருந்தும், மத்திய ஸ்தாபனங்களில் பிற்பட்டோருக்கு 100-க்கு 27 இடம் என்று சட்டம் வர 2006 ஆயிற்று. 55 வருஷம்!

ஆகவே தோழர்களே! உங்கள் தெருவில் எஞ்சினீயரிங் படித்த பெண்ணோ பையனோ இருந்தால், இன்றைக்கே போய், "கேட் எழுதினாயா?" என்று கேளுங்கள். குடும்பத்துக்கு யார் சம்பாதிப்பது என்றால், ஆராய்ச்சி உதவித்தொகையை 2023-ல் மத்திய சர்க்கார் முதல் இரண்டு வருஷத்துக்கு மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தியிருப்பதைச் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். நோட்டீஸை வாங்கி, நீங்களே படித்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.