காட்டின் வரவும் செலவும்

காட்டிலே ஓர் இலை உதிர்கின்றது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கின்றன. இலையில் அடங்கியிருந்த நைதரசன், கல்சியம் முதலிய சத்துக்கள் மண்ணை அடைந்து, வேர்வழியே மீண்டும் மரத்துள் ஏறுகின்றன. இதுவே பொருள்களின் வட்டம். இவ்வட்டத்தைக் காத்து நிற்பது மண்ணா, மரமா?

ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹாம்சயர் மாநிலத்திலுள்ள ஹப்பாட் புறூக் என்னும் மலைக்காட்டில், போர்மன், லைக்கன்ஸ் என்னும் அறிஞர்கள் தம் தோழர்களுடன் 1963ஆம் ஆண்டில் இத்தகைய ஆராய்ச்சியைத் தொடங்கினர். அக்காட்டின் அடிப்பாறை நீரைக் கீழே கசியவிடுவதில்லை. ஆதலின், ஒரு சரிவிற் பெய்யும் மழையில் ஆவியாவது போக எஞ்சியது, அச்சரிவின் ஓடைவழியாகவே வெளியேறும். மழைநீரைச் சோதித்தால் காட்டின் வரவு தெரியும். ஓடையின் குறுக்கே சிற்றணை கட்டி, நீரை அளந்து சோதித்தால் செலவு தெரியும்.

1965ஆம் ஆண்டின் இறுதியில், ஏறக்குறைய 16 ஹெக்டேயர் பரப்புடைய ஒரு சரிவின் மரங்கள் யாவும் வெட்டப்பட்டன. வெட்டிய மரங்களோ விழுந்த இடத்திலேயே விடப்பட்டன. அவற்றை இழுத்துச் சென்றால் மண் குலையும். பின்பு, விளைந்த மாற்றம் மரம் நீங்கியதாலா, மண் குலைந்ததாலா என்று பிரித்தறிதல் இயலாது. புதிய முளைகள் மூன்று கோடைகள் களைகொல்லியால் தடுக்கப்பட்டன. அருகே, ஒத்த மழையும் மண்ணும் பாறையும் உடைய வேறொரு சரிவு தொடப்படாது விடப்பட்டது.

ஆராய்வோர் தாமே மாற்றுவது சாரா மாறி. இங்கே அது உயிருள்ள தாவரம். அதனால் மாறுவது சார்ந்த மாறி. இங்கே அது ஓடைநீரின் அளவும் அதிற் கரைந்த சத்துமாகும். தொடாத சரிவு ஒப்பீட்டுக்குரிய கட்டுப்பாடு. அஃதின்றேல், “அவ்வாண்டின் மழையே காரணம்” என்பாரை மறுக்க வழியில்லை.

விளைவு யாது? வெட்டிய சரிவில் ஓடைநீர் முதலாண்டில் 39 வீதம் கூடியது. நைத்திரேற்றின் செறிவு முதலாண்டில் 41 மடங்காகவும், அடுத்த ஆண்டில் 56 மடங்காகவும் உயர்ந்து, குடிநீருக்கு விதித்த எல்லையையும் கடந்தது. நுண்ணுயிர்கள் தம் தொழிலை நிறுத்தவில்லை. அவை விடுவித்த நைதரசனை ஏற்க வேர்தான் இல்லை. நைத்திரேற்று உண்டாகும்போது பிறந்த அமிலம், மண்துகள்கள் பற்றியிருந்த கல்சியத்தையும் பெயர்த்து ஓடையிற் சேர்த்தது.

முளைகளையும் தடுத்த சோதனையாதலால், இவ்வெண்களை எல்லா மரவெட்டுக்கும் அப்படியே பொருத்துதல் ஆகாது. எனினும் அதன் தீர்ப்புத் தெளிவானது. களைகொல்லி நிறுத்தப்பட்டபின் அச்சரிவில் செடிகொடிகள் தழைத்தன. ஓடையின் நைத்திரேற்றும் விரைந்து தாழ்ந்தது. அறுந்த வட்டத்தை மீண்டும் இணைத்தது வேரே. மரம் நிற்கும் வரையிலேயே மண்ணின் செல்வம் மண்ணில் நிற்கும்.