வேல்ஸ் நாட்டுப் புண்ணிய ஊற்றுகள்

பிரிட்டனின் மேற்குப் புறத்தில் மலையும் மழையுமாகக் கிடக்கும் வேல்ஸ் நாட்டில், ஊருக்கொரு மகானும் மகானுக்கோர் ஊற்றும் உண்டோ என்று எண்ணும்படி, புண்ணிய ஊற்றுகள் மலிந்திருக்கின்றன. அவற்றுள் மூன்றின் கரைக்கு இன்று உங்களை அழைத்துச் செல்கிறேன்.

முதலாவது, வடகிழக்கு மூலையிலுள்ள ஹோலிவெல். ஏழாம் நூற்றாண்டில் கரடோக் என்னும் பிரபு, தன் இச்சைக்கு இணங்காத கன்னி வினிஃப்ரெட்டின் சிரத்தை வாளால் துணித்தான் என்றும், அது விழுந்த இடத்தில் ஊற்றுப் பீறிட்டது என்றும், அவளுடைய தாய்மாமனான பெய்னோ முனிவர் சிரத்தை உடலோடு பொருத்தி அவளை உயிர்ப்பித்தார் என்றும் ஐதிகம். தொட்டியின் கற்களில் படர்ந்த செம்பாசியைக் காட்டி, அது அவள் சிந்திய இரத்தம் என்பார்கள். யாத்திரிகர்கள் பனிபோல் குளிர்ந்த அந்த நீரை மும்முறை கடந்து மண்டியிட்டுப் பிரார்த்திப்பார்கள். புத்திர பாக்கியம் வேண்டி இங்கிலாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரும் ராணியும் இங்கே வந்தார்கள்; 1688-இல் அவர்களுக்கு ஆண்மகவு பிறந்தது.

இரண்டாவது, லாண்டெக்லா கிராமத்து ஊற்று. முற்காலத்தில் காக்காய்வலிப்பால் வருந்துகிறவர், ஆணாயின் சேவலும் பெண்ணாயின் பெட்டையுமாக ஒரு கோழியைக் கூடையிலிட்டு, சூரியாஸ்தமனத்துக்குப்பின் நீராடி, ஊற்றை மும்முறை வலம்வந்து, நான்கு பென்ஸ் காணிக்கை வைத்து, தேவாலயத்தின் பீடத்தடியில் வேதப்புத்தகத்தைத் தலையணையாகக் கொண்டு விடியுமளவும் துயில்வார். பிறகு கோழியை ஆலயத்திலேயே விட்டுச் செல்வார். அது இறந்துபோனால், ரோகம் அவரை விட்டுக் கோழிக்குப் போய்விட்டது என்பது அக்கால நம்பிக்கை.

மூன்றாவது, கொல்வின் பே நகரை அடுத்த எலியன் ஊற்று. இது நோய் தீர்க்கும் தீர்த்தமாக இருந்து, காலப்போக்கில் சாபத்துக்குப் பெயர்பெற்றது. வேண்டாதவனுடைய பெயரின் முதலெழுத்துக்களைக் கற்பலகையில் கீறி நீரிலிட்டால் அவன் நலிந்துபோவான் என்று மக்கள் நம்பினார்கள். சாபமிடவும் கட்டணம், சாபம் நீக்கவும் கட்டணம்! 1829-இல் அதிகாரிகள் அந்த ஊற்றை இடித்துத் தூர்த்தார்கள். காவலாளி ஜான் எவன்ஸோ அதன் நீரைத் தம் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டு தொழிலை நடத்தி, 1831-இல் ஆறு மாதம் சிறையும் சென்றார்.

நீரைக்காட்டிலும் அதை நாடி வருகிறவர்களின் விசுவாசமே இவ்வூற்றுகளுக்கு மகிமை அளிக்கிறது என்பது என் துணிபு. ஹோலிவெல்லிலும் 1917-இல் சுரங்க வேலையால் ஆதி ஊற்று அற்றுப்போக, வேறொரு நிலத்தடி ஓடையின் நீரையே அத்தொட்டிக்குத் திருப்பிவிட்டார்கள். அதற்குப் பின்னரும் யாத்திரிகர் வருகை நிற்கவில்லை.