கைராசிக்கு எத்தனை மார்க்?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் கணிதத்துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் போன் செய்து, "வங்கித் தேர்வு பத்தி ஏதாவது பேசுப்பா, பசங்களுக்குப் பிரயோசனமா இருக்கும்" என்றார். அதைப் பேச இந்த மேடையிலேயே நாலு பேர் இருக்காங்க. நான் ஒரு விளையாட்டுக் கணக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. இந்தக் கல்லூரியில் நான் படித்த ஒரு பாடம், 35 வருஷம் கழித்து, எட்டாவது படிக்கிற பையன் முன்னால் என் மானத்தை வாங்கிய கதை அது.

முதலில் தாயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பென்னாகரம் பக்கம் எங்க ஊரில் மழை பெய்தால் திண்ணையில் தாயக்கட்டை உருளும். எங்க ஆயா கட்டையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் போட்டால் தாயம் விழும்னு ஊரே நம்பியது. "கிழவிக்குக் கைராசி" என்பார்கள். நான் இங்கே சேர்ந்து நிகழ்தகவு படித்த வருஷம், லீவில் போய் ஆயாவுக்கே கணக்கு சொன்னேன். கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: 1, 2, 3, ஒன்று வெறுமை. மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம் 2 விதம், ஐந்து 2 விதம், ஆறு ஒரே விதம், இரண்டும் வெறுமையாக விழுகிற பன்னிரண்டும் ஒரே விதம். மூன்று மட்டும் 4 விதம். "மூணே விழுதே சனியன்" என்று எல்லோரும் அலுத்துக் கொள்வது இதனால்தான். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போடலாம் என்பது எங்க ஊர் வழக்கம். அந்த மறுஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஒருத்தர் முறை வரும்போது தாயம் ஒரு தடவையாவது விழ சரியாக ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆயாவுக்கும் அதே ஆறில் ஒன்று, எனக்கும் அதே.

ஆயா கேட்டுவிட்டு, "அப்ப என் கைக்கு ஒண்ணுமே கிடையாதா?" என்றார். கிடையாது ஆயா. தாயத்தில் கட்டைக்கு ஆள் தெரியாது. எந்தக் காயை நகர்த்துவது, எதை வெட்டுவது என்பதில்தான் உங்க சாமர்த்தியம். ஆயாவுக்கு மனசு ஆறவில்லை. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆயா கேட்ட கேள்விக்கு "உண்டு, இத்தனை" என்று எண்ணிலேயே பதில் சொல்கிற ஒரு விளையாட்டு இருப்பது எனக்கு 2020-ல்தான் தெரிந்தது. ஊரடங்கு சமயம். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்க பெரியக்கா பையன் லேப்டாப்பும் ஒரு தடிப் புத்தகமுமாக ஊருக்கு வந்து சேர்ந்தான். புத்தகத்தின் பெயர் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கி 1974-ல் வெளியிட்ட விளையாட்டு. பலகை கூட கட்டாயமில்லை. ஒருத்தர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி. "நான் மதில் ஏறுறேன்" என்று ஒருத்தன் சொன்னால் ஏற முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதை நடத்துகிறவரை அவர்கள் மாஸ்டர் என்கிறார்கள். நம்ம பக்கம் தெருக்கூத்து பார்த்து வளர்ந்த நாங்கள் கட்டியக்காரன் என்றோம். வயசானவன் என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது.

பகடை இருபது முகம் கொண்டது. அது கிடைக்காததால், 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் குலுக்கினோம். (எடுத்த சீட்டை மறுபடி பாட்டிலில் போட்டு விட வேண்டும். போடாவிட்டால் வாய்ப்பு மாறிப் போகும். முதல் நாள் இதற்கே ஒரு சண்டை.)

இப்போது கணக்குக்கு வருகிறேன். பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஆறு குணம்: உடல்பலம், லாவகம், தாக்குப்பிடிக்கும் சக்தி, புத்தி, விவேகம், வசீகரம். சாதாரண ஆறுமுகப் பகடை மூன்றை உருட்டிக் கூட்டினால் 3 முதல் 18 வரை வரும், சராசரி பத்தரை. இந்தக் குணங்களுக்கு ஆதியில் எண் போட்டது அப்படித்தான். அதனால்தான் 10, 11 வாங்கியவன் சராசரி மனுஷன். அவனுக்குக் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். மற்றவர்களுக்கு, எண்ணிலிருந்து பத்தைக் கழி, பாதியாக்கு, பின்னம் வந்தால் கீழே இறக்கு. 16 என்றால் 3 கூடுதல். 17-க்கும் 3 தான். ஆரம்பப் பதிப்புகளில் ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு தனிப் பட்டியல் இருந்தது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்புதான் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சூத்திரத்தைக் கொண்டு வந்தது.

இது பிறவியில் வந்தது. இதன் மேல் பழகி வந்தது ஒன்று உண்டு. நீ பயிற்சி எடுத்த வேலை என்றால், 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, முதல் நிலையில் 2 கூட்டு. அனுபவம் ஏற ஏற அது 3, 4 என்று கூடி கடைசியில் 6 வரை போகும். சில வேலைகளில் கரை கண்டவர்களுக்கு அது இரட்டிப்பு. பிறவியும் பழக்கமும் சேர்ந்ததுதான் திறமைக் கூடுதல். சீட்டில் வந்த எண்ணோடு அதைக் கூட்டு. கட்டியக்காரன் சொன்ன இலக்கைத் தொட்டால் ஜெயம். சுலபமான வேலைக்கு இலக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கஷ்டத்துக்கு 20.

ஒகேனக்கல் பரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசல் ஓட்டுவதை எங்க வீட்டு ஆட்டத்தில் நாங்களே ஒரு திறமையாகச் சேர்த்துக்கொண்டோம். சுழலில் பரிசலைத் திருப்ப இலக்கு 15 என்று வைப்போம். தருமபுரியிலிருந்து ஜிம்முக்குப் போய் உடம்பு ஏற்றிய ஒரு வாலிபன் வருகிறான். உடல்பலம் 16, துடுப்பைத் தொட்டதே இல்லை. கூடுதல் 3. சீட்டில் 12 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். 20-ல் 9 வாய்ப்பு, அதாவது 45 சதவீதம். பக்கத்தில் ஒரு பெரியவர், சின்ன வயதிலிருந்து ஆற்றில் கிடப்பவர். உடல்பலம் 11, கூடுதல் பூஜ்யம். ஒன்பதாம் நிலை, பழக்கம் 4, கரை கண்டவர் என்பதால் இரட்டித்து 8. சீட்டில் 7 வந்தாலே போதும். 20-ல் 14, அதாவது 70 சதவீதம். நீங்கள் யார் பரிசலில் ஏறுவீர்கள்? ஆயா இருந்திருந்தால் இந்தக் கணக்கை ஒத்துக்கொண்டிருப்பார். கைராசி என்று அவர் சொன்னது இந்த 8-ஐத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தாயத்தில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

இது ஏதோ மேல்நாட்டு யோசனை என்றும் நினைக்க வேண்டாம். நளன் கதையில் ருதுபர்ணன் ஒரு மரத்தின் இலையையும் காயையும் தேரில் இருந்தபடியே எண்ணிச் சொல்கிறான். நளன் தன் குதிரை வித்தையை அவனுக்குக் கொடுத்து, அவனிடமிருந்து சூதாட்ட வித்தையை வாங்கிக்கொள்கிறான். பழக்கக் கூடுதலைப் பண்டமாற்று செய்த முதல் ஆசாமிகள் இவர்களாகத்தான் இருக்கும்.

இனி என் மானம் போன கதை. எட்டாவது படித்த சின்னக்கா பையன்தான் எங்க மந்திரவாதி. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. வீட்டில் ஒரே போன், ஆன்லைன் வகுப்புக்கு அதை அவன் அக்கா எடுத்துக்கொள்வாள். அவனுக்கு மிஞ்சியது இந்த ஆட்டமும் ஒரு நாற்பது பக்க நோட்டும்தான். அந்த நோட்டில் மந்திரவாதியின் பிறந்த ஊர், பயம், கடன் பாக்கி உட்பட எல்லாம் இருக்கும். புத்தி 17. உடல்பலம் மட்டும் 9.

கூடுதல் கணக்கை நோட்டில் போடச் சோம்பல்பட்டு, எப்போதோ கம்ப்யூட்டர் சென்டரில் படித்த சி மொழியில் நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். பத்தைக் கழி, இரண்டால் வகு. ஐந்து மாதம் அதையே நம்பி ஆடினோம். ஒரு நாள் கதையில் பரிசல் கவிழ்ந்தது. மற்றவர்கள் கரையேறி விட்டார்கள். மந்திரவாதி இரண்டு தடவை நீந்தித் தோற்றாயிற்று. மூன்றாவதும் தோற்றால் ஆறு கொண்டு போய்விடும் என்று கட்டியக்காரன் நான் அறிவித்துவிட்டேன். இலக்கு 10. பையன் சீட்டு எடுத்தான்: 10. கூடுதல் பூஜ்யம், மொத்தம் 10. தப்பித்தான். வீடே கத்தியது.

இரண்டு வாரம் கழித்து, காலையில் பல் கூடத் துலக்காமல் நோட்டோடு வந்து நின்றான். "மாமா, ஒம்போதுக்கு சைபர் இல்ல. மைனஸ் ஒண்ணு. புத்தகத்துல பட்டியல் இருக்கு."

பார்த்தேன். ஒன்பதிலிருந்து பத்தைக் கழித்தால் மைனஸ் 1, பாதி மைனஸ் அரை. சி மொழி முழு எண்களை வகுக்கும்போது பின்னத்தை வெட்டி எறிந்துவிடும், மைனஸ் அரை பூஜ்யமாகிவிடும். ஆனால் விதி கீழே இறக்கச் சொல்கிறது. மைனஸ் அரைக்குக் கீழே இருக்கும் முழு எண் மைனஸ் 1. எட்டு வாங்கியவனுக்கு என் புரோகிராம் சரியாகவே சொல்லும். பத்துக்குக் கீழே ஒற்றைப்படையாக வாங்கியவனுக்குத்தான் தப்பும். எங்க வீட்டில் அப்படி ஒருத்தன்தான் இருந்தான்.

தம்பிகளே, இதே பாடத்தை இந்தக் கட்டடத்தில் எங்கள் பேராசிரியர் நடத்தினார். மைனஸ் அரைக்கு மீப்பெரு முழுஎண் சார்பு என்ன என்று கேட்டார். வகுப்பே "பூஜ்யம்" என்றது. அவர் போர்டில் ஒரு கிணறு வரைந்தார். தண்ணி மட்டம் பூஜ்யம். "முங்கி அரைப் படி கீழ நிக்கிற. இன்னும் கீழ இறங்குன்னு சொன்னா மேல ஏறுவியாடா?" என்றார். அன்றைக்குச் சிரித்ததோடு சரி.

"அப்ப அன்னைக்கு எனக்கு ஒம்போதுதானே மாமா. செத்திருக்கணும்ல?" என்றான் பையன். போனது போச்சு, கட்டியக்காரன் சொன்னது சொன்னதுதான் என்றேன். பெங்களூர்க்காரனும் அதையே சொன்னான். அவன் அக்கா மட்டும், "செத்தாச்சுன்னா செத்தாச்சு" என்றாள். பையன் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் அவனே ஒரு முடிவோடு வந்தான். சரியான கூடுதலோடு மறுபடி ஒரே ஒரு சீட்டு. 11 அல்லது மேலே வந்தால் பிழைத்தான். முன்னே 55 சதவீதம் இருந்தது, இப்போது 50. அந்த ஒரு சீட்டு வித்தியாசத்துக்காகத்தான் இத்தனையும். எனக்குக் கை நடுங்கியது, அவன் நிதானமாகக் குலுக்கினான்.

4 வந்தது.

நோட்டில் ஒரு கோடு போட்டு, தேதி எழுதினான். மறுபக்கத்தைத் திருப்பி புது ஆளை எழுத ஆரம்பித்தான். பரிசல்காரன். இந்தத் தடவை எந்த எண்ணை எங்கே வைப்பது என்பது அவன் இஷ்டம். உடல்பலத்துக்கு வேண்டுமென்றே 9 வைத்தான். ஏண்டா என்றேன். "மைனஸ் ஒண்ணு, பழக்கம் ரெண்டு. பிளஸ் ஒண்ணு வருது மாமா, போதும்" என்றான்.

அந்தப் பையன் இப்போது இதே கல்லூரியில் கணிதம் முதலாமாண்டு. பின்வரிசையில் உட்கார்ந்து, பெயரைச் சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே மிரட்டிக்கொண்டிருக்கிறான். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டு வந்திருக்கிறோம். சாப்பாட்டுக்குப் பிறகு கணிதத் துறை அறையில் ஆட்டம். இஷ்டப்பட்டவர்கள் வரலாம், ஆளுக்கொரு பாத்திரம் எழுதித் தருகிறோம். கணக்கு அவன் போடுவான், நான் போட மாட்டேன்.