முதல் சுற்றும் இருபதாம் சுற்றும்



சில ஆண்டுகளுக்கு முன், கோடையில் ஒரு மாதம் லண்டனில் ஒரு பங்கில் பணியாற்றினேன். அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்து இளைஞர் ஒருவர் என்னை ஓட்டப்பந்தயம் பார்க்க அழைத்துச் சென்றார். நகரின் வடக்கே, பார்லிமென்ட் ஹில் ஓடுதளம். 1879-இல் தொடங்கிய ஹைகேட் ஹாரியர்ஸ் என்ற தடகள மன்றத்தினர் 2013 முதல் அங்கே 10,000 மீட்டர் ஓட்டங்களை நடத்தி வருகிறார்கள். திறமைக்கேற்பப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக இரவு வரை ஓட்டங்கள் நடக்கும். பார்வையாளர்கள் ஓடுதளத்தின் வெளித்தடங்களிலேயே நின்று, கைக்கெட்டும் தூரத்தில் ஓடுகிறவர்களை உற்சாகப்படுத்துவார்கள். பக்கத்தில் ஓடுகிறவரை வெல்வதைவிட, தன்னுடைய பழைய நேரத்தை வெல்வதே அங்கே பலருக்கும் குறிக்கோள்.

10,000 மீட்டர் என்றால் 25 சுற்று. 40 நிமிடத்தில் முடிக்க விரும்புகிறவர் ஒவ்வொரு சுற்றையும் 96 விநாடியில் ஓட வேண்டும். முதல் சுற்றிலும் 96, இருபதாம் சுற்றிலும் 96. கேட்க எளிது. ஆனால் முதல் சுற்றில் கால்கள் புதியவை, கூட்டம் கூவுகிறது. 96 விநாடி என்பது நடப்பதுபோல் தோன்றும். அதனால்தான் முன்னே ஓடி வேகத்தைக் காக்க ஒருவரை வைக்கிறார்கள். அவருக்குப் பெயர் பேஸ்மேக்கர். நாம் இதயத்தில் பொருத்தும் கருவிக்கும் அதே பெயர்தான்!

ஓர் ஓட்டத்தில் ஒரு வாலிபர் பேஸ்மேக்கரைத் தாண்டிப் பாய்ந்தார். நான் கைதட்டினேன். பக்கத்திலிருந்த நம் இளைஞர், "கொஞ்சம் பொறுங்க ஃபாதர்" என்றார். பதினைந்தாம் சுற்றில் அந்த வாலிபரை எல்லாரும் கடந்துபோனார்கள். தொடக்கத்தில் சம்பாதித்த சில விநாடிகளுக்கு, முடிவில் நிமிடக்கணக்கில் விலை கொடுத்தார்.

1954 மே 6-ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில், ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் முதன்முதலாக ஓடி முடித்த ரோஜர் பேனிஸ்டருக்கும் இந்தச் சோதனை வந்தது. தொடக்கத்தில் முன்னே ஓடியவர் கிறிஸ் பிராஷர். சில நாள் ஓய்வெடுத்திருந்த பேனிஸ்டருக்கு அந்த வேகம் போதவில்லை. "இன்னும் வேகமாக!" என்று கத்தினார். பிராஷர் தன் வேகத்தை மாற்றவில்லை. பிறகு கிறிஸ் சாட்டவே முன்னே வந்தார். கடைசிச் சுற்றில் அவரையும் தாண்டி பேனிஸ்டர் முடித்த நேரம் 3 நிமிடம் 59.4 விநாடி. பிராஷர் அந்தக் கத்தலுக்கு இணங்கியிருந்தால், கடைசிச் சுற்றுக்குப் பேனிஸ்டரிடம் பலம் மிஞ்சியிருக்குமா?

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குருப்பட்டம் பெற்று நான் சென்ற முதல் பங்கு நினைவுக்கு வந்தது. ஏறக்குறைய 300 குடும்பங்கள். நான் ஒரு நாளைக்கு இருபது வீடு சந்தித்தேன். மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு, இரவில் இளைஞர் கூட்டம். என் பங்குத்தந்தையோ தினமும் மாலையில் இரண்டு வீடு மட்டும் போவார். "தம்பி, மெதுவா. இந்தப் பிள்ளைங்க அடுத்த வருஷமும் இங்கதான் இருப்பாங்க" என்பார். வயதானவர், சோம்பல் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆறு மாதத்தில் நான் ஓய்ந்துபோனேன். சிடுசிடுத்தேன். வீடு சந்திப்பு நின்றது, வகுப்பும் நின்றது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் நோட்டோடு பூட்டிய கதவருகே நின்றான். "நாளைக்கு வாப்பா" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அவன் வரவில்லை. பெரியவரோ, அந்த இரண்டு வீட்டுக் கணக்கிலேயே ஆண்டு முடிவதற்குள் எல்லா வீட்டு வாசலையும் மிதித்திருந்தார்.

எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் நம் வாழ்வை ஓர் ஓட்டமாகக் காட்டுகிறது. அங்கே நம்மிடம் கேட்கப்படுவது வேகம் அல்ல, மன உறுதி. அன்புக்குப் பெரும்பாலும் முதல் சுற்றில் சோதனை வருவதில்லை. தியானம் முடிந்து வந்த வாரம் எல்லாரும்தான் செபிக்கிறோம். படுக்கையில் விழுந்த தாயை முதல் மாதம் எல்லாப் பிள்ளைகளும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்றாம் ஆண்டில், நள்ளிரவில் அவர் தண்ணீர் கேட்கும்போது எழுந்திருப்பதற்குப் பலம் மிஞ்சியிருக்க வேண்டும். அதற்காக இன்றே ஓய்வெடுப்பதும், உடன்பிறந்தவர்களோடு முறை வைத்துக்கொள்வதும் அன்பில் குறைவு ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் பெரும்பாலும் பந்தயத்தை முடிப்பதில்லை. தன் பங்கை ஓடிவிட்டு ஓரமாக விலகிவிடுவார். வெற்றியாளர் பட்டியலில் அவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். ஆண்டவருக்கு வழியைக் காட்டிவிட்டு, தாம் குறையவேண்டும் என்று விலகிக்கொண்ட திருமுழுக்கு யோவானைப் போல. நம் வீட்டிலும் பங்கிலும் "மெதுவா" என்று சொல்லும் ஒருவர் இருப்பார். அவரைச் சோம்பேறி என்று தீர்ப்பிடுமுன் ஒருகணம் கேட்போம். என் பங்குத்தந்தைக்கு நான் நன்றி சொல்லவே இல்லை. இப்போது அவருடைய கல்லறையில்தான் சொல்ல முடிகிறது.

செபிப்போம்: ஆண்டவரே, எங்கள் முதல் சுற்றின் ஆர்வத்தை நெறிப்படுத்தும். இருபதாம் சுற்றிலும் எங்களோடு ஓடும். ஆமென்.