வட்டுகளில் அடைபட்ட வீட்டுப் பாட்டு

கடையில் விலைக்கு வாங்கிய இசைத்தட்டு உடைந்துபோனால் பெரிய நட்டமில்லை. அதே பாட்டு வேறு ஆயிரம் வீடுகளில் இருக்கும். ஆனால், பாட்டி ஒருவர் பேரனை உறங்கவைக்கப் பாடிய தாலாட்டோ, பியானோ பழகிய சிறுமி முதன்முறை தடங்கலின்றி வாசித்து முடித்த சிறு உருப்படியோ அத்தகையதன்று. உலகத்தில் அதற்கு ஒரே ஒரு பிரதிதான் உண்டு. அந்தப் பிரதி எதில் பதியப்பட்டிருக்கிறது என்பதே இன்று பல குடும்பங்களுக்குக் கவலை தரும் வினாவாகிவிட்டது.

யப்பானின் சோனி நிறுவனம் 1987இல் டாட் என்னும் இலக்கமுறை ஒலிநாடாவையும், 1992இல் மினிடிஸ்க் என்னும் சிறுவட்டையும் வெளியிட்டது. முன்னதை இசைக்கலைஞரும் ஒலிப்பதிவாளரும் விரும்பினர். பின்னது யப்பானிய வீடுகளில் பெரிதும் பரவியது. பிரித்தானியாவிலும் ஓரளவு இடம்பிடித்தது. உள்ளங்கையில் அடங்கும் உறைக்குள் 64 மில்லிமீற்றர் விட்டமுடைய வட்டு. அதில் 74 நிமிட இசை. சிறியதோர் ஒலிவாங்கியைச் செருகிவிட்டால் வீட்டுக் கச்சேரியை எவரும் பதிந்துவிடலாம்.

இப்பொழுது அந்தக் கருவிகள் எங்கே? டாட் கருவிகளின் உற்பத்தியைச் சோனி 2005இல் கைவிட்டது. மினிடிஸ்க் கருவிகளை அந்நிறுவனம் அனுப்புவது 2013 மார்ச்சில் நின்றது. வெற்று வட்டுகளின் உற்பத்தியும் 2025 பெப்ரவரியோடு முடிந்தது. வட்டு வீட்டில் இருக்கிறது. அதை வாசிக்கும் கருவிதான் இல்லை. பூட்டிய பெட்டகத்தை வைத்துக்கொண்டு திறவுகோலைத் தொலைத்தவர் நிலை இது.

மினிடிஸ்க் வட்டு இலேசில் கெடுவதன்று. பதியும்போது லேசர் ஒளிக்கதிர் ஒரு நுண்ணிய புள்ளியை ஏறத்தாழ 180 பாகை செல்சியசு வரை சூடாக்குகிறது. மறுபக்கத்திலுள்ள காந்தத் தலை அப்புள்ளியின் காந்தத் திசையை நிர்ணயிக்கிறது. ஆறிய பின் அத்திசை மாறுவதில்லை. அயலிலுள்ள சாதாரண காந்தம் அதை அழிப்பது அரிது. கெடுவன கருவியின் இறப்பர்ப் பட்டிகளும் உருளைகளும், நாளடைவில் மங்கும் லேசருமே. டாட் நாடாவின் கதை இதனினும் இரங்கத்தக்கது. நிமிடத்துக்கு 2000 முறை சுழலும் உருளையிலுள்ள தலைகள் அந்த மெல்லிய நாடாவில் சாய்கோடுகளாக எழுதுகின்றன. எழுதிய கருவியின் சாய்வு சிறிது பிசகியிருப்பின், நாடா நன்றாயிருந்தும் பிற கருவிகள் அதை வாசிக்க மறுக்கலாம்.

இன்னொரு வேறுபாட்டையும் நேயர்கள் கருத்திற் கொள்ளவேண்டும். பழைய காந்த நாடா தேயும்போது இரைச்சல் கூடும், ஒலி மங்கும், காது எச்சரிக்கை பெறும். இலக்கமுறைப் பதிவோ தன் நோயை மறைப்பது. சிறு பழுதுகளைக் கருவி தானே கணித்துத் திருத்திக்கொள்கிறது. ஆதலின் கேட்பவர்க்கு எல்லாம் செம்மையாகவே தோன்றும். திருத்தும் ஆற்றலுக்கு மேற்பட்டுப் பழுது பெருகிய அன்று பாட்டு திடீரெனத் துண்டுபடும், அல்லது அடியோடு நின்றுவிடும். “இன்றுவரை நன்றாகப் பாடுகிறதே” என்பதை நம்பிக் காலந் தாழ்த்துவது பொருந்தாது.

மினிடிஸ்கில் பொருளடக்கம் போன்ற ஓர் அட்டவணை உண்டு. எந்தப் பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கருவி அதில் குறித்துக்கொள்ளும். ஆனால் இக்குறிப்பு, பதிவு முடிந்து கருவியை நிறுத்திய பின்னரே எழுதப்படுகிறது. அதற்கு முன் மின்கலம் தீர்ந்துவிட்டால், ஒரு மணி நேரப் பாட்டு வட்டில் இருந்தும் கருவி அதை “வெற்று வட்டு” என்றே அறிவிக்கும். அவ்வறிவிப்பை நம்பி மேலே வேறொன்றைப் பதிந்தவர்கள் உண்மையாகவே பாட்டை இழந்தார்கள். பதியாமல் வைத்திருந்தால் மீட்க வழியுண்டு. முழு வட்டும் ஒரே பாட்டு எனக் குறித்த அட்டவணையுடைய மற்றொரு வட்டை முதலிற் கருவிக்குக் காட்டவேண்டும். பின், மூடி திறந்ததை உணரும் சிறு ஆளியை ஏமாற்றி, அவ்வட்டை எடுத்துவிட்டுப் பழுதான வட்டை அவ்விடத்தில் வைக்கவேண்டும். கருவி தன் நினைவிலுள்ள அட்டவணையைப் புதிய வட்டில் எழுதிவிடும். பாட்டு மறுபடி கேட்கும். ஆர்வலர்கள் கண்டறிந்த இத்தந்திரம் கைப்பழக்கம் வேண்டுவது. முதலில் பயனற்ற வட்டொன்றில் பழகிப் பார்ப்பது நலம்.

இனி, கணினிக்கு மாற்றும் வழி. 2001இல் வந்த நெட் எம்டி கருவிகள் கணினியிலிருந்து வட்டுக்கு இசையை அனுப்பின. வட்டிலிருந்து கணினிக்குத் திரும்ப அனுப்பவில்லை. விற்பனைப் பாடல்கள் களவாகப் பிரதியெடுக்கப்படும் என்ற அச்சத்தில் விதித்த தடை, தாத்தாவின் சொந்தக் குரலையும் சிறையிட்டது. இது நியாயமன்று. 2006இல் வெளியான எம்இசட்-ஆர்எச்1 என்னும் கருவி பழைய வட்டுகளையும் கணினிக்கு நேரே மாற்றித் தந்தது. அது கிடைத்தால் நன்று. பழைய நெட் எம்டி கருவிகள் சிலவற்றிலிருந்தும் இசையை நேரே எடுக்கும் மென்பொருளை அண்மைக் காலத்தில் தன்னார்வலர்கள் ஆக்கியிருக்கிறார்கள். இவை எதுவும் கிட்டாவிடில், காதணிபேசித் துளையிலிருந்து கணினியின் ஒலி நுழைவாய்க்கு ஒரு கம்பியை இணைத்து, பாட்டு ஓடும் நேரமெல்லாம் பதிந்துகொள்ளலாம். நுண்மை சிறிது குறையும். ஆயினும் பாட்டி குரல் பாட்டி குரலாகவே இருக்கும். நேர்த்தியான கருவி கிடைக்கட்டும் என்று பத்தாண்டு காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எவ்வழியாயினும், வட்டைக் கருவியில் இடுமுன் உறையின் ஓரத்திலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளையைத் திறந்துவிடவேண்டும். தவறிப் பதிவதை அது தடுக்கும். மாற்றிய இசையை மேலும் சுருக்காமல் முழுக் கோப்பாக வைத்துக்கொள்வது உசிதம். மினிடிஸ்க் முன்னரே இசையை ஐந்திலொரு பங்காகச் சுருக்கியே பதிந்திருக்கிறது. சுருங்கியதை இன்னும் சுருக்கினால் ஒலி மெலியும். ஒரு பிரதி வீட்டிலும், மற்றொன்று வெளியூர் உறவினரிடத்தும் இருக்கட்டும். மூல வட்டையும் எறிந்துவிடலாகாது.

கோப்புக்குப் பெயரிடுவது எளிய வேலையாகத் தோன்றலாம்; அது அவ்வளவு எளிதன்று. வட்டின் மேலுள்ள சீட்டில் பெரும்பாலும் “பிறந்தநாள்” என்ற ஒரு சொல்லே இருக்கும். யாருடைய பிறந்தநாள், எந்த ஆண்டு, பாடியவர் யார், இடையிலே சிரிப்பவர் யார் என்பதை எக்கருவியும் சொல்லாது. அக்குரல்களை அடையாளங் காணக்கூடிய மூத்தோரை அருகில் இருத்தி, பாட்டை அவர்கள் கேட்கக் கேட்க, சொல்லும் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளவேண்டும்.