கிணற்றின் நிறமும் மக்களின் அறிவும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியின் பயனைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். கல்வியால் வேலை கிடைக்கும், மதிப்பு உயரும் என்பவற்றை நீங்கள் நன்கு அறிவீர்கள். நான் வேறொரு பயனைச் சொல்ல விரும்புகிறேன். முற்றும் தெளிவாகாத ஓர் ஆபத்தை மக்களிடம் எவ்வாறு எடுத்துச் சொல்வது, பிறர் சொல்லும்போது அதை எவ்வாறு ஆராய்ந்து கேட்பது என்பதே அது. இதற்கு வங்காள தேசத்தின் குடிநீர் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த பாடத்தை நான் அறியேன்.

அந்நாட்டுச் சிற்றூர் மக்கள் முன்னாளில் குளத்து நீரையும் ஆற்று நீரையுமே பருகினர். காலராவும் வயிற்றுப்போக்கும் ஆண்டுதோறும் உயிர்களைக் கொண்டுபோயின; மாண்டவர்களில் குழந்தைகளே மிகுதி. ஆகவே 1970களில் அரசும் யுனிசெஃப் நிறுவனமும் ஊர்தோறும் அடிகுழாய்க் கிணறுகளை அமைத்தன. நிலத்தடி நீர் தூயது என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. மக்களும் அதை நம்பித் தம் சொந்தச் செலவிலேயே இலட்சக்கணக்கான குழாய்களை இறக்கினர். நோய்க்கிருமியைப் பொறுத்தவரை சொன்னது பெரும்பாலும் உண்மையே. ஆனால், அந்நீரில் ஆர்சனிக் என்னும் நஞ்சு உண்டா என்று அந்நாளில் சோதித்துப் பார்க்கவில்லை.

அந்நஞ்சு எந்த ஆலையும் கொட்டிய கழிவு அன்று. இமயத்திலிருந்து ஆறுகள் அடித்துவந்து படியவைத்த வண்டலிலேயே அது இருந்தது. அதற்கு நிறமில்லை; மணமில்லை; சுவையில்லை. நீரைக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஆண்டுகள் பல கழிந்த பின்னரே தோலில் கரும்புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் காய்த்துப்போகும். சிலருக்குத் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோயும் உண்டாகும்.

எல்லைக்கு இப்பால் மேற்கு வங்கத்தில், கிணற்று நீரால் இந்நோய் வருவதைக் கல்கத்தா மருத்துவர்கள் 1983இலேயே கண்டுபிடித்தனர். வங்காள தேசத்துக் கிணறுகளில் நஞ்சு இருப்பது 1993இல்தான் உறுதியாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில், 1992இல், பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம் அந்நாட்டின் சில பகுதிகளில் நிலத்தடி நீரை ஆராய்ந்து அறிக்கை தந்திருந்தது. பல தனிமங்களைச் சோதித்த அவ்வாய்வில் ஆர்சனிக் இடம்பெறவில்லை. பின்னாளில் பாதிக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கு, இங்கிலாந்தின் உச்ச நீதி மன்றமாக அன்றிருந்த பிரபுக்கள் சபையில் 2006இல் தள்ளுபடியாயிற்று. சட்டத்தின் முடிவு அது. நாம் கற்க வேண்டிய பாடம் வேறு. "இல்லை" என்பது ஒன்று. "சோதிக்கவில்லை" என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றென மயங்கிய இடத்தில்தான் ஆபத்து புகுந்தது.

பின்னர் அரசு விழித்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகளைச் சோதித்தனர். அளவுக்கு மிஞ்சிய நஞ்சுடைய கிணற்றின் குழாய்க்குச் சிவப்பு வண்ணமும், மற்றதற்குப் பச்சை வண்ணமும் பூசினர். ஏறத்தாழ 14 இலட்சம் கிணறுகள் சிவப்பாயின. எழுத்தறியாத தாயும் கண்டவுடன் அறிந்துகொள்ளத்தக்க ஏற்பாடு இது, பாராட்டத்தக்கது. அருகில் பச்சைக் குழாய் இருந்த இடங்களில் பலர் அதற்கு மாறிக்கொண்டனர்.

ஆயினும் வண்ணம் சொல்லாமல் விட்டவையும் உண்டு. ஒரு லிட்டரில் 50 மைக்ரோகிராம் என்பது அந்நாட்டு அரசின் வரம்பு. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதோ 10 மைக்ரோகிராம். எனவே 40 மைக்ரோகிராம் உள்ள கிணறும் பச்சையே, 4 உள்ள கிணறும் பச்சையே. பச்சை என்றால் நஞ்சே இல்லை என்று பொருளன்று. வரம்புக்குள் இருக்கிறது என்றே பொருள். மேலும், அடுத்தடுத்த இரு கிணறுகளிலேயே அளவு பெரிதும் மாறுபடக்கூடும். பின்னர் தோண்டிய கிணறுகளுக்கு எந்த வண்ணமும் இல்லை. அருகில் பச்சைக் குழாயே இல்லாத ஊரில், சிவப்பு வண்ணம் அச்சத்தைத் தந்ததே அன்றி வழியைத் தரவில்லை. அஞ்சிக் குளத்துக்குத் திரும்பினால் அங்கே பழைய கிருமி காத்திருக்கிறது.

இன்னொரு கொடுமையும் நிகழ்ந்தது. தோலில் புள்ளி கண்டவரைத் தொற்று நோயாளர் என்றும் சாபம் பெற்றவர் என்றும் பலர் ஒதுக்கினர். பெண்களுக்குத் திருமணம் தடைப்பட்டது. மணமான பெண்கள் சிலர் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். "இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது" என்னும் ஒரு வாக்கியம், நஞ்சைப் பற்றிய எச்சரிக்கை சென்ற இடமெல்லாம் உடன் சென்றிருக்க வேண்டும்.

தோழர்களே! ஒதுக்கப்படுவதன் வலி எத்தகையது என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1927இல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் மக்களைத் திரட்டிச் சென்று நீரருந்தினார். நம்மவர் கை பட்டதால் குளம் தீட்டாயிற்று என்று சொல்லி, சாணமும் கோமியமும் கலந்த நீரைக் குடங்குடமாக ஊற்றிச் சடங்கு செய்தனர். இல்லாத தீட்டைக் கண்டு அலறியது ஒரு சமுதாயம். இருந்த நஞ்சைக் காணாமல் விட்டது ஓர் ஆய்வு. இவ்விரண்டுக்கும் மருந்து ஒன்றே: சோதித்து அறிவது, அறிந்ததை அறிந்த அளவில் சொல்வது. நீர் எடுக்கும் உரிமைக்காக நம் முன்னோர் போராடினர். அந்நீரில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமையை நாம் கேட்டுப் பெற வேண்டும்.

இது அயல்நாட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். நம் தருமபுரிப் பகுதியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பல்லைக் கறையாக்கி எலும்பையும் வளைத்தது. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவே ஒரு காரணம்.

ஆகவே இளைஞர்களே, உங்கள் ஊர் நீரைப் பற்றி எவர் வந்து எது சொன்னாலும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எவற்றைச் சோதித்தீர்கள், எவற்றைச் சோதிக்கவில்லை? எப்போது சோதித்தீர்கள்? கண்ட அளவு என்ன, வரம்பு என்ன? இன்னும் உறுதியாகாதது எது? அதுவரை நாங்கள் எந்த நீரைக் குடிப்பது? கடைசிக் கேள்விக்கு விடை இல்லாத எச்சரிக்கை பாதி எச்சரிக்கையே ஆகும்.

நாளை உங்களில் பலர் செவிலியராகவும் ஆசிரியராகவும் அலுவலராகவும் ஆவீர்கள். அப்போது, மக்கள் பீதி அடைவார்கள் என்று சொல்லி எதையும் மறைக்காதீர்கள். உறுதியாகத் தெரியாததை உறுதியென்று சொல்லாதீர்கள். "இதுவரை தெரிந்தது இவ்வளவு, மேலும் தெரிந்தால் மீண்டும் வந்து சொல்வேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி மீண்டும் செல்லுங்கள். அவ்வாறு சென்றவரின் சொல்லை மக்கள் நம்புவர்.

இக்கழகத்தார்க்கு ஒரு வேண்டுகோள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் நீர்ப் பரிசோதனைக் கூடங்களை நடத்திவருகிறது. இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே நம் குடியிருப்புகளின் குடிநீரைச் சோதிக்கக் கொடுப்போம். வரும் முடிவைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், நல்லதாயினும் தீயதாயினும், தெருக்கூட்டத்தில் எளிய தமிழில் நம் பிள்ளைகளே படித்துக் காட்டட்டும். அவர்கள் கற்ற கல்வியின் பயனை நம் தாய்மார்கள் அன்று நேரில் காண்பார்கள்.