பாட்டி வீட்டு வாசலும் பழைய தபால் அட்டைகளும்

இன்னைக்கு ஒரு கடற்கரையைப் பத்திப் பேசலாம். கடலூர் சில்வர் பீச். எங்க பாட்டிக்கு அது தேவனாம்பட்டினம் மட்டும்தான்.

2004 டிசம்பர் 26, சுனாமி. பாட்டி உயிர் தப்பிச்சாங்க. வீட்டுல இருந்த போட்டோ எல்லாம் தண்ணியோட போயிடுச்சு. "அந்தக் கரை எப்படி இருந்துச்சுன்னு ஒரு படம் கிடைக்குமாப்பா?"ன்னு கேட்டாங்க. அப்படித்தான் நான் பழைய தபால் அட்டைகளைத் தேட ஆரம்பிச்சேன்.

இந்தியாவில் தபால் அட்டை வந்தது 1879 ஜூலை 1. விலை காலணா. படம் போட்ட அட்டைகள் பெருகினது 1900-க்குப் பிறகு. முதல்ல பின்பக்கம் முகவரிக்கு மட்டும்தான், சேதியைப் படத்தோட ஓரத்துல கிறுக்கணும். 1902-ல் பிரிட்டன் பின்பக்கத்தை ரெண்டா பிரிச்சது, மத்த நாடுகளும் பின்தொடர்ந்தன. அதனால கோடு இல்லாத அட்டைன்னா ரொம்பப் பழசுன்னு கண்டுபிடிச்சிடலாம். நிறைய அட்டைகள் ஜெர்மனியில் அச்சாச்சு. கருப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏத்தினவங்க நம்ம ஊரைப் பார்த்ததே இல்லை!

சரி, எனக்கு என்ன கிடைச்சது? சிதம்பரம் கோபுரம், திரும்பவும் சிதம்பரம் கோபுரம், அப்புறம் குளம். தேவனாம்பட்டினம் மட்டும் இல்லை.

இத்தனைக்கும் அது சாதாரண இடமில்லை. 1690-ல் ஆங்கிலேயர் மராத்தியர்கிட்ட கோட்டையை வாங்கினாங்க. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழற தூரம் வரைக்கும் உள்ள ஊர்களும் சேர்த்து விலை. குண்டு உப்பலவாடிங்கற பேரு அப்படி வந்ததுதான்னு எங்க ஊர்ல சொல்வாங்க. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், 1752 வரைக்கும் இந்தப் புனித டேவிட் கோட்டைதான் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம். 1758-ல் பிரெஞ்சுப் படை அதைப் பிடிச்சு இடிச்சது. இன்னைக்கு கெடிலம் கடல்ல சேர்ற பக்கம் சில இடிபாடுகள்தான் மிச்சம்.

இவ்வளவு நடந்த கரையில வலை காயவெச்சவங்க, மீன் வித்தவங்க பேரு எந்த அட்டையிலயும் எனக்குக் கிடைக்கலை. நான் பார்த்த அட்டைகள்ல மனுஷங்க வந்தாலும், கீழே 'உள்ளூர் மீனவர்'னுதான் போட்டிருக்கும். கோபுரத்துக்குப் பேரு உண்டு, ஆளுக்குக் கிடையாது.

கடைசியா, வேற ஏதோ கரையில கட்டுமரம் தள்ளுற ஒரு அட்டையைப் பாட்டிக்கிட்டக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இது நம்ம ஊரு இல்லை. ஆனா தள்ளுற விதம் எங்க அப்பா மாதிரியே இருக்கு"ன்னாங்க. அப்புறம் அவங்களே சொல்லச் சொல்ல, வாசல் எங்கே, கிணறு எங்கே, எந்த வீட்டுல யாருன்னு ஒரு தாள்ல வரைஞ்சேன். பாட்டி சொன்ன பேருங்க மொத்தம் இருபத்தி மூணு.

உங்க வீட்டுலயும் பழைய படம் இருக்கும். இந்த வாரம் பெரியவங்க யாரையாவது பக்கத்துல உட்காரவெச்சு, படத்துக்குப் பின்னாடி பேரெல்லாம் பென்சில்ல எழுதிடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.